விசை ஒன்றுதான், ஆர்முடுகல் வேறு

வணக்கம் சேர். நான் ஹட்டனில் உயர்தரம் படிக்கிறேன். 1 கிராம், 4 கிராம் உருண்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோ கூலோம் நேர் ஏற்றம், இடைவெளி 10 சென்ரிமீற்றர். விட்டுவிட்டால் வெகுதூரம் போனபின் வேகம் என்ன? ஆர்முடுகலைக் கண்டு இயக்கச் சமன்பாட்டில் போட்டால் விடை பிழைக்கிறது. அப்புறம், சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கும் பரிசோதனை எங்கள் ஆய்வுகூடத்தில் சரிவருவதே இல்லை. ஏன்?

அன்பு மகளுக்கு,

தொடக்க விசை 0.9 நியூட்டன், இரண்டு உருண்டைக்கும் அதேதான். திணிவு வேறு என்பதால் சின்னதன் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 900 மீற்றர், பெரியதற்கு 225. இதுவரை சரி.

ஆனால் அந்த 900 விட்ட கணத்துக்கு மட்டும்தான். இடைவெளி 20 சென்ரிமீற்றர் ஆனதும் விசை காற்பங்காகிவிடும், ஆர்முடுகலும் அப்படியே. நீங்கள் போட்ட சமன்பாடு மாறாத ஆர்முடுகலுக்கானது. இங்கே சக்தியைப் பிடியுங்கள். தொடக்கத்தில் 0.09 யூல் இருக்கிறது, அது முழுவதும் இயக்க சக்தியாகும். உந்தம் இரண்டுக்கும் சமம் என்பதால் ஐந்தில் நான்கு பங்கு சின்னதற்குப் போகும். அதன் வேகம் செக்கனுக்கு 12 மீற்றர், பெரியதற்கு 3.

இடைவெளி செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போங்கள். தூளிலிருந்து நாரையும் தண்டையும் பிரிக்க பிவிசி உருளைகள் சுழலும், அவற்றின் மேல் கம்பளித் துண்டு உரசிக்கொண்டே இருக்கும். கீழே தட்டில் தூள் நடுங்கியபடி நகரும். குனிந்து கவனியுங்கள்: சிவந்த நார் ஒன்று சற்றே நிமிரும், அடுத்த கணம் டக்கென்று உருளையில் ஒட்டிக்கொள்ளும். நாருக்கென்று ஏற்றம் வேண்டியதில்லை. தூளைவிட அதில் ஈரம் கொஞ்சம் கூட, அதனால் உள்ளிருக்கும் ஏற்றங்கள் எளிதாக இடம்மாறி உருளைப் பக்கம் உருளையின் ஏற்றத்துக்கு எதிர்வகை ஏற்றம் கூடுகிறது. கிட்டப் போகப் போக இழுவை மளமளவென்று ஏறுகிறது. எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

உங்கள் சீப்பைக் கெடுப்பது நம் ஊர் ஈரக்காற்று. மேற்பரப்பில் படியும் நீர்ப்படலம் வழியே ஏற்றம் கசிந்துவிடுகிறது. தொழிற்சாலையில் உலர்த்தியிலிருந்து வரும் தூளைச் சூடு ஆறுமுன் உருளைக்கு விடுவதும் ஈரத்துக்குப் பயந்துதான். சீப்பைக் கழுவித் துடைத்து, அடுப்படிச் சூட்டில் நன்றாக உலரவிட்டு, எண்ணெய் வைக்காத முடியில் தேய்த்துப் பாருங்கள்.