கேள்வி – பதில்: ஓவர்க்ளாக் செய்யும் கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு?

கேள்வி: திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள, ஏ.சி. இல்லாத அறையில், உதிரிபாகங்களை நானே வாங்கிப் பூட்டி ஒரு கம்ப்யூட்டர் அமைத்து, அதை ஓவர்க்ளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஏற்றி, ஓட்ட விரும்புகிறேன். இன்டெல் கோர் ஐ5-14600கே, ஏ.எம்.டி. ரைசன் 7 7700 ஆகிய இரண்டில் ஒன்றை எடுப்பதாக இருக்கிறேன். மதர்போர்டு விலை குறைந்ததே போதும் என்கிறார் கடைக்காரர். இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வாங்கு என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: இருவரும் விலையை வைத்துப் பேசுகிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, போர்டில் எதையெல்லாம் செய்யலாம் என்பதை முடிவு செய்யும் சிப்செட்டை. ஐ5-14600கே பூட்டப்படாத பிராசசர்தான் என்றாலும், இசட் 690 அல்லது இசட் 790 சிப்செட் உள்ள போர்டில் மட்டுமே அதன் பெருக்கியை (அடிப்படைக் கடிகார வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) உயர்த்த முடியும். பி 760 போர்டில் ரேமின் வேகத்தைக் கூட்டலாமே தவிர, பிராசசரின் வேகத்தைக் கூட்ட இயலாது. ஏ.எம்.டி. தரப்பில் பி 650, பி 850 போன்ற நடுத்தர விலைப் போர்டுகளே ஓவர்க்ளாக்கை அனுமதிக்கின்றன. விலை குறைந்த ஏ 620 அனுமதிப்பதில்லை. ஆகவே கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மிகக் குறைந்த விலைப் போர்டை வாங்கினால், நீங்கள் நினைத்த வேலையைத் தொடங்கவே முடியாது.

சிப்செட் சரியாக இருந்தபின், போர்டின் தரத்தை முடிவு செய்வது வி.ஆர்.எம். எனப்படும் மின்வழங்கு பகுதி. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்குப் பெட்டி தரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய 1.2, 1.3 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது அதன் வேலை. பிராசசர் 220 வாட் இழுக்கிறது, மின்னழுத்தம் 1.3 வோல்ட் என்றால், அந்தச் சிறிய பகுதி ஏறத்தாழ 170 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். மாற்றும் திறன் 90 சதவீதம் என்று கொண்டாலும், 24 வாட்டுக்கு மேல் போர்டிலேயே வெப்பமாக வெளிப்படும். இதில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பிராசசர் இழுக்கும் மின்திறன் வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்திலும் ஏறுகிறது. 5.3 கிகாஹெர்ட்ஸை 5.6 ஆக்குவதற்காக மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் கூட்ட நேர்ந்தால், கிடைக்கும் வேகம் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. கூடும் மின்திறனோ 27 சதவீதத்துக்கு மேல். அந்தச் சுமை முழுவதும் வி.ஆர்.எம்.மின் தலையில்தான் விழும்.

வி.ஆர்.எம்.மின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் பகுதிகளைக் கட்டம் என்பார்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் '16 கட்டம்' போன்ற எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். சில போர்டுகளில் ஒரே கட்டுப்பாட்டுச் சமிக்ஞையை இரண்டாகப் பிரித்தோ, இரண்டு உறுப்புகளை இணையாக வைத்தோ அந்த எண்ணிக்கையைக் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஆம்பியர் அளவு என்ன, அதன்மேல் வெப்பத்தை உறிஞ்சி வெளிவிட வைத்திருக்கும் ஹீட்சிங்க் கனமான அலுமினியமா அல்லது அலங்கார மூடியா, அதில் காற்று புக இடைவெளி இருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். வண்ண விளக்குகளுக்கும், முகப்பில் பொருத்திய சிறு திரைக்கும் கொடுக்கும் பணத்தை இந்த ஹீட்சிங்குக்குக் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர் வெயில். போர்டுகளைச் சோதித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டிய குளிரூட்டிய அறையில் சோதிக்கிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மதுரை வட்டாரத்து மாடி அறை பகலில் 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சோதனையில் 80 டிகிரி என்று காட்டும் வி.ஆர்.எம். உங்கள் அறையில் 95 டிகிரியைத் தொடும் என்று கணக்கிட்டே வாங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிராசசரின் வெப்பநிலை அடக்கமாக இருந்தும், தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக ஆக்கும் நீண்ட ரெண்டரின்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேகம் சரிந்துகொண்டிருந்தது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்ததும் சரிவு நின்றுவிட்டது. அப்போதுதான் காரணம் புரிந்தது: நான் பொருத்தியிருந்த வாட்டர் கூலர் பிராசசரின் வெப்பத்தை மட்டும் வெளியே கொண்டுபோனது, வழக்கமான கூலரின் விசிறியிலிருந்து போர்டின்மேல் படும் காற்று இல்லாததால் வி.ஆர்.எம். தனியே வெந்துகொண்டிருந்தது. ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியை அதன் பக்கம் பார்த்துக் கட்டிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. நீங்கள் வாட்டர் கூலர் வாங்குவதானால், இந்த விசிறிக்கும் போர்டில் ஓர் இணைப்பு மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தேர்வு. உங்கள் கேமரா, நிற விவரம் கூடுதலாக உள்ள 10-பிட், 4:2:2 வகை எச்.இ.வி.சி. (சுருக்கிய வீடியோ) கோப்புகளைப் பதிவு செய்கிறது என்றால், அவற்றை விரைவாகத் திறக்கும் வசதி இன்டெல் பிராசசரின் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக, நல்ல ஹீட்சிங்க் உள்ள இசட் 790 போர்டுடன் ஐ5-14600கே எடுக்கலாம். ஆனால் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் மிகை மின்னழுத்தத்தால் தளர்ந்துபோகும் குறையை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் திருத்தங்களை வெளியிட்டது. அவற்றைக் கொண்ட பயாஸை (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) ஏற்றாமல் மின்னழுத்தத்தில் கை வைக்கவே கூடாது. உங்கள் கேமரா அவ்வகையைச் சேர்ந்தது அல்ல என்றால், ரைசன் 7 7700க்கும் பி 650 போர்டுக்கும் என் வாக்கு. பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் வழியாக மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தபடியே மின்திறன் வரம்பை உயர்த்தலாம். வெப்பத்தை அதிகம் ஏற்றாமல் வேகம் பெற இந்த ஊருக்கு அதுவே ஏற்ற வழி. ஓவர்க்ளாக்கால் நேரும் பழுதை வாரன்டி ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: பி 650 போர்டில் நான்கு ரேம் இடங்கள் உள்ளன. நான்கிலும் போட்டால் வேகம் கூடுமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: குறையும். ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதியளிக்கும் வேகம் இரண்டு டி.டி.ஆர்.5 ரேம்களுக்கு 5200 (வினாடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றம் என்ற கணக்கில்). நான்கு போட்டால் 3600. தேவையான கொள்ளளவை இரண்டே ரேம்களாக வாங்குங்கள். பயாஸில் உள்ள எக்ஸ்போ என்னும் ரேம் வேக அமைப்பை இயக்கி 6000க்குக் கொண்டுபோவதும் ஓவர்க்ளாக்தான் என்பதால், அதன் பிறகு ஒரு முழு இரவு ரேம் சோதனையை ஓடவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகிறது. போர்டு வாங்கும்போது இதற்காக எதையாவது கவனிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: பயாஸ் பிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டையே வாங்குங்கள். பயாஸ் ஏற்றும்போது பாதியில் மின்சாரம் நின்றால் போர்டு எழாமலே போகக்கூடும்; இந்தப் பொத்தான் இருந்தால் பென்டிரைவிலிருந்து, பிராசசர் இல்லாமலே, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். யு.பி.எஸ். விஷயத்தில், 600 வி.ஏ. என்று விற்கப்படுபவை பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் ஓவர்க்ளாக் செய்த பிராசசரும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் அதைத் தாண்டிவிடும் என்பதால் 1000 வி.ஏ.வுக்குக் குறையாமல் எடுங்கள். பராமரிப்புப் பணிக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் பயாஸைத் தொடாதீர்கள்.