பாலத்தடியில் ஒன்பது மணித் தண்ணீர்

கேள்வி: கடல் ஓதம் ஏறி இறங்கும் ஓர் ஆற்றில், பாலத்தின் மேலிருந்து தினமும் காலை 9 மணிக்கு ஒரு குப்பி நீர் எடுத்து, வடிகட்டி, அதிலுள்ள வண்டலை எடைபோட்டு வருகிறேன். ஏறத்தாழ 15 நாளுக்கு ஒருமுறை அளவு கூடிக் குறைகிறது. இதிலிருந்து ஆறு கடலுக்குக் கொண்டுசேர்க்கும் வண்டலைக் கணக்கிடலாமா?

பதில்: இந்தக் கணக்கேட்டிலிருந்து கணக்கிட முடியாது. ஓதம் ஒருமுறை ஏறி வற்றுவதற்குச் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், உங்கள் 9 மணி ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் நகர்ந்து ஓதத்தின் வேறொரு கட்டத்தில் விழுகிறது. இன்று வற்றம் விரைந்தோடும் வேளையில் குப்பியை இறக்குகிறீர்கள் என்றால், நான்கு நாளில் அதே 9 மணிக்கு நீர் அசையாமல் நிற்கும். ஒரு வாரத்தில் அது உள்நோக்கிப் பாயும். சுமார் 15 நாளில் பழைய கட்டத்துக்கே திரும்பியிருப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருத்து, இடையில் அஷ்டமியை ஒட்டிச் சிறுப்பதும் அதே 15 நாள் சுழற்சிதான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டபின் எது எதனால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. பெரிய ஓத நாள் ஒன்றிலும் சிறிய ஓத நாள் ஒன்றிலும், குறைந்தது 13 மணி நேரம் தொடர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை பல ஆழங்களில் நீர் எடுப்பது முப்பது நாள் குப்பிகளைவிட அதிகம் சொல்லும்.

அப்போதும் வண்டலின் அளவு மட்டும் போதாது. அதே நொடியில், அதே ஆழத்தில் நீரின் வேகமும் தெரிய வேண்டும். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஏற்றம் 5 மணி நேரம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்திலும், வற்றம் 7 மணி 24 நிமிடம் நொடிக்கு 0.75 மீட்டர் வேகத்திலும் பாய்கிறது என்று வையுங்கள். ஆற்றின் குறுக்குவெட்டில் ஒரு சதுர மீட்டர் வழியே 18,000 கனமீட்டர் நீர் உள்ளே வந்து, ஏறத்தாழ 20,000 கனமீட்டர் வெளியே போகிறது. ஏற்றத்தின் நீரில் லிட்டருக்கு 0.4 கிராம் வண்டலும் வற்றத்தின் நீரில் 0.3 கிராமும் இருந்தால், உள்ளே வந்தது 7,200 கிலோ, வெளியே போனது 6,000 கிலோ. நீர் கடலை நோக்கிப் போக, வண்டல் ஆற்றுக்குள் ஏறிவிட்டது! சராசரி வேகத்தைச் சராசரி வண்டலால் பெருக்கியிருந்தால், ஏறக்குறைய 700 கிலோ கடலுக்குப் போனதாக விடை வந்திருக்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஏற்றத்தின் கணக்கை 10 சதவீதம் கூடுதலாகவும் வற்றத்தின் கணக்கை 10 சதவீதம் குறைவாகவும் அளந்திருந்தோம் என்றால், திருத்தியபின் ஏறத்தாழ 6,545-க்கு எதிரே 6,667 நிற்கும், திசையே மாறிவிடும். ஆகவே பிழையளவைச் சேர்த்துச் சொல்லாத நிகர வண்டல் கணக்கை நான் நம்புவதில்லை.

கேள்வி: கலங்கல்மானி வாங்கிவிட்டால் வடிகட்டும் வேலை மிச்சமாகுமா?

பதில்: குறையும், ஒழியாது. கலங்கல்மானி காண்பது துகளில் பட்டுச் சிதறும் ஒளியை, எடையை அன்று. ஒரே எடையுள்ள மணலைவிட நுண்களிமண் பல மடங்கு கூடுதலாக ஒளியைச் சிதறடிக்கும். எனவே அந்த ஆற்றின் நீரையே வடிகட்டி எடைபோட்டுக் கருவியின் எண்ணோடு பொருத்திக்கொள்ள வேண்டும். பருவம் மாறினால் மறுபடியும் பொருத்த வேண்டும். கண்ணாடியில் பாசி படிந்தால் தெளிந்த நீரும் கலங்கலாகத் தெரியும்.

வடிகட்டும்போது உப்பை மறந்துவிடாதீர்கள். வடிதாளில் 1 மில்லிலிட்டர் கடல்நீர் ஊறி நின்றாலே, காய்ந்தபின் சுமார் 35 மில்லிகிராம் உப்பு தங்கிவிடும், லிட்டருக்கு 0.1 கிராம் வண்டல் உள்ள அரை லிட்டர் நீரில் வண்டலே 50 மில்லிகிராம்தான். காய்ச்சி வடித்த நீரால் தாளைப் பலமுறை அலசிய பிறகே 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள்.

கேள்வி: ஒலியால் நீரோட்டத்தை அளக்கும் கருவி, வண்டலையும் சேர்த்தே அளக்குமா?

பதில்: ஓரளவு. துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றம், அடுக்கடுக்காக ஒவ்வோர் ஆழத்தின் வேகத்தையும் தருகிறது. திரும்பும் ஒலியின் வலிமை வண்டலின் அளவைக் குறிப்பாகக் காட்டுகிறது. அதற்கும் குப்பி நீரின் துணை தேவை. மேலும், படகிலிருந்து கீழ்நோக்கி வைத்த கருவிக்கு மேற்பரப்பை ஒட்டிய சிறு பகுதியும், தரையை ஒட்டி ஆழத்தில் சுமார் 6 சதவீதமும் தெரியாது; மணல் மிகுதியாக ஓடுவதோ அந்தத் தரையை ஒட்டித்தான். அங்கே மட்டும் பழைய முறைப்படி மாதிரிக் குப்பியை ஆழத்தில் இறக்கித்தான் நீர் எடுக்க வேண்டியிருக்கிறது.