பீஸ் லில்லிக்கு ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம்

கேள்வி: திருவான்மியூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். வடக்குப் பார்த்த பால்கனியில் ஒரு பீஸ் லில்லி வைத்திருக்கிறேன். வாங்கும்போது நான்கைந்து வெள்ளைப் பூக்கள் இருந்தன. அதன் பிறகு ஒன்றுகூடப் பூக்கவில்லை. இலை நுனிகள் பழுப்பாகிக் கருகுகின்றன. செடி நிழலில்தான் இருக்கிறது, தண்ணீருக்கும் குறைவில்லை. வீணாகப் போகிறதே என்று ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரையே தினமும் ஊற்றுகிறேன். உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆர்.ஓ. கழிவுநீரை இன்றோடு நிறுத்துங்கள். அதில் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு மட்டும் கூடாது.

காரணம் எளிது. ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் கழிவுநீரில் சேர்ந்துவிடும். கடலோரத்துப் போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு, மில்லிகிராமில்) 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். குடிநீருக்கே 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 1000 உள்ள தண்ணீர் மெஷினுக்குள் போய், பாதி குடிநீராகவும் பாதி கழிவாகவும் பிரிந்தால், கழிவில் கிட்டத்தட்ட 2000 இருக்கும். அதைத்தான் தினமும் ஊற்றியிருக்கிறீர்கள்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மண்ணில் அது ஏற ஏற, உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு நீர் விடுவதுபோல, வேர் நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். உறிஞ்சிய கொஞ்ச நீரோடு போகும் உப்பும் இலையின் கடைசி முனையில் போய்த் தேங்கும். நுனி முதலில் கருகுவது அதனால்தான். மண்ணின் மேலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். குளோரின் ஓரளவு போகும், உப்பு அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் எதை ஊற்றுவது? மழைநீருக்கு ஈடு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் செடியை ஓர் இரவு வெளியே வைத்தாலே தொட்டி கழுவப்பட்டுவிடும். வெயில் வருவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். மற்ற மாதங்களுக்குச் சென்னைக்காரர்கள் கையில் ஒரு வரம் இருக்கிறது: ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஏ.சி. ஓடினால் சில லிட்டர் கிடைக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் உப்பு அநேகமாக இருக்காது. சர்வீஸ் செய்த ஓரிரு நாட்களுக்கு மட்டும் பிடிக்க வேண்டாம், கழுவிய ரசாயனம் கலந்திருக்கும். ஏ.சி. இல்லையென்றால் மெட்ரோ வாட்டர் பரவாயில்லை.

முதலில் இருக்கும் உப்பை வெளியேற்ற வேண்டும். 8 அங்குலத் தொட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் அதையே திரும்பக் குடித்துவிடும்.

அடுத்தது, 'தினமும்' என்ற வார்த்தை. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பீஸ் லில்லி தாகம் எடுத்தால் இலைகளைத் தொங்கவிட்டு நாடகம் போடும். ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். அப்போது மேலும் ஊற்றுவதுதான் பலர் செடியைக் கொல்லும் வழி.

பூ விஷயம் வேறு. பண்ணைகளில் ஜிப்ரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்துப் பூக்க வைத்து விற்பனைக்கு அனுப்புவது வழக்கம். நீங்கள் வாங்கிய பூக்களும் அப்படி வந்திருக்கலாம். இனி அது தானாகப் பூக்க வெளிச்சம் தேவை. தென் அமெரிக்க மழைக்காட்டில் மரங்களின் அடியில் வளரும் செடி என்பதால் நிழலைத் தாங்கும், ஆனால் மங்கிய மூலையில் இலையோடு நின்றுவிடும். பால்கனிச் சுவரை ஒட்டியிருந்தால் வெளிச்சம் வரும் பக்கம் நகர்த்துங்கள்.

வடக்குப் பால்கனி என்று முழுக்க நம்பவும் வேண்டாம். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். கத்திரி வெயிலில் காலையும் மாலையும் நேர்வெயில் உங்கள் பால்கனிக்குள் எட்டிப் பார்க்கும். இலையின் நடுவில் வெளிறிய, காகிதம்போல் காய்ந்த திட்டுகள் வந்தால் அது வெயில். நுனியில் மட்டும் கருகல் என்றால் உப்பு. அந்த மாதங்களில் ஒரு பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

மண் மாற்றுவதாக இருந்தால் அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு மாற்றுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) சேர்ப்பவர்கள் அதை இரண்டு, மூன்று தடவை அலசிவிட்டுச் சேர்க்கவும், அதிலும் உப்பு உண்டு. உரம் மூன்று மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். புதிதாக விரியும் இலைகளைக் கவனியுங்கள். இரண்டு மாதம் கழித்து அவையும் கருகினால், அடியில் வடியும் நீரை ஒரு டம்ளரில் பிடித்து, ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடம் டி.டி.எஸ். மீட்டரை அதில் விடச் சொல்லுங்கள். ஊற்றிய நீரைவிட அது பல மடங்கு காட்டினால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.