பெட்டி புதிது, கீ பழசு: காசைக் கடைக்காரரிடம் கேட்கலாமா?

கேள்வி: மகனுக்காகத் திருகோணமலை நகரில் ஒரு கடையில் 9,500 ரூபா கொடுத்து கொம்பியூட்டர் கேம் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் டிஸ்க் இல்லை, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அடித்துக் கேமைத் திறக்கும் இரகசியக் குறியீடு, அதாவது ஸ்டீம் கீ, அச்சிட்ட அட்டை மட்டும்தான். சுரண்டி அடித்துப் பார்த்தால், வேறொரு கணக்கில் ஏற்கெனவே பாவித்த கீ என்று வருகிறது. "சுரண்டினதைத் திருப்பி எடுக்க ஏலாது, ஸ்டீமோட கதையுங்கோ" என்கிறார் கடைக்காரர். வாங்கி ஐந்து கிழமை ஆகிவிட்டது. என்ன செய்யலாம்? இன்னொன்று: கீ வேலை செய்தால், மகன் விளையாடி முடித்தபின் அதை மச்சானின் மகனுக்கு விற்கலாமா?
வாசகர், உப்புவெளி

பதில்: கேட்க வேண்டியது கடைக்காரரிடம்தான். ஸ்டீமிடம் போய்ப் பயனில்லை. வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் காசு திருப்பித் தருவதில்லை. 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்கிற விதி ஸ்டீம் கடையிலேயே வாங்கியவற்றுக்கு மட்டும். உங்கள் திரையில் வந்த செய்தியை முழுதாக வாசியுங்கள்: கீயை விற்றவரைத் தொடர்புகொள்ளும்படி அதிலேயே எழுதியிருக்கும். அந்த ஸ்கிரீன்ஷொட்தான் உங்கள் முதல் சான்று. திகதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள்.

எடுக்கமுன் செய்தி எந்த வகை என்று சரிபாருங்கள். கீ பிழை என்று மட்டும் வந்தால், ஓ எழுத்தையும் பூச்சியத்தையும், பி எழுத்தையும் 8ஐயும் மாற்றி அடித்திருக்கலாம். திரும்பத் திரும்ப அடிக்கவும் வேண்டாம். முயற்சி கூடினால் ஸ்டீம் சிறிது நேரம் கணக்கைத் தடுத்து வைக்கும். இந்த நாட்டில் கிடைக்காது என்று வந்தால் கதையே வேறு. அது வேறு பிராந்தியத்துக்கான கீ, இன்னும் செலவாகவில்லை. கடைக்காரர் அதை வேறு இடத்தில் விற்கலாம் என்பதால் சமரசம் சுலபம். ஏற்கெனவே பாவித்தது என்று வருவதுதான் செத்த கீ.

இனி "சுரண்டிவிட்டீர்கள்" என்ற வாதம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விவரணத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும். வாங்கியவருக்குப் பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. சுரண்டாமல் கீயைப் பரிசோதிக்க வழியே இல்லை. சுரண்டியதால் உரிமை போய்விட்டது என்றால், செத்த கீயை விற்றவர் ஒருநாளும் பிடிபடமாட்டார். ஆனால் இதே சட்டத்தில் மறுபக்கமும் உண்டு. குறை தெரிந்தும் நியாயமான காலத்துக்கு மேல் சும்மா வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஐந்து கிழமை கொஞ்சம் நீண்டுதான் போய்விட்டது. ஆகவே வேண்டாமென்று இன்றே எழுத்தில் சொல்லுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அதற்குச் சட்ட ஏற்பு தருகிறது. ஆனாலும் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் போடுங்கள். வாங்கிய திகதி, கேமின் பெயர், தொகை, வந்த செய்தி, "14 நாளுக்குள் வேறு கீ அல்லது 9,500 ரூபா" என்ற கோரிக்கை, இவ்வளவும் போதும். ஏச்சுப் பேச்சு வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளைக்கு ஒரு அதிகாரி வாசிப்பார்.

பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் அழைப்பை நம்பி நாள் கடத்த வேண்டாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்து எழுத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். விசாரணையின் பின் பணத்தைத் திருப்பவோ, பொருளை மாற்றவோ, இழப்பீடு கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம். பில் இல்லையென்றால் இப்போதே கடையில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது 28ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை. "1 கேம்" என்று மட்டும் எழுதிய துண்டு பிறகு தலையிடி தரும். பெயரை எழுதச் சொல்லுங்கள். காசாக அல்லாமல் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே ஆட்சேபம் தெரிவிக்கலாம். இவ்வளவு சிறு தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் மத்தியஸ்த சபைதான்.

உங்கள் வழக்கின் பலவீனமும் தெரிந்திருக்கட்டும். "உங்கட மகனே கூட்டாளிக்குக் கீயைக் கொடுத்திருப்பார்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். வாங்கிய அன்றே அடித்துப் பார்த்தீர்களா, நாலு கிழமை கழித்தா என்பது இங்கேதான் பெரிதாகும். அட்டையின் இரு பக்கமும், சுரண்டிய இடமும், பெட்டியின் பட்டைக்குறியும் தெரியப் படமெடுங்கள். பில் திகதிக்கு முன்பே கீ பாவிக்கப்பட்டதா என்று ஸ்டீம் உதவிப் பகுதியில் எழுதிக் கேளுங்கள். மற்றவரின் விவரத்தைத் தரமாட்டார்கள், ஆனால் எந்தப் பதில் வந்தாலும் வைத்திருங்கள். மூல அட்டையைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், காட்டினால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு: விற்க முடியாது. கீயை ஒரு கணக்கில் ஏற்றிய பின் வேறு கணக்குக்கு மாற்ற வழியில்லை, கணக்கையே விற்பதும் ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு மாறு. பெட்டி கையிலிருந்தாலும் நீங்கள் வாங்கியது அனுமதி மட்டுமே. பிரான்சில் ஒரு நுகர்வோர் சங்கம் இதை எதிர்த்து 2019இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றது, 2022இல் மேன்முறையீட்டில் தோற்றது. பிளேஸ்டேசன் டிஸ்க் என்றால் மச்சானின் மகனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நின்டெண்டோ சுவிட்ச் 2இன் கேம் கீ கார்ட்டில் விளையாட்டே இல்லை, இணையத்தில் இறக்க வேண்டும். ஆனால் அனுமதி கார்ட்டோடு போவதால் அதையும் கைமாற்றலாம்.

அடுத்தமுறை அட்டையைக் கடை மேசையிலேயே சுரண்டி, கைபேசியில் ஸ்டீமைத் திறந்து ஏற்றிவிட்டுக் காசைக் கொடுங்கள்.