யுகேஜி பிள்ளைகள் பாடாமல் கத்துகிறார்கள் – பதில்

தொடங்கும் சுருதியை, அதாவது பாட்டு தொடங்கும் சுரத்தின் உயரத்தை, ஏற்றுங்கள். "மெதுவா பாடுங்க" என்று முப்பது பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை.

நீங்கள் ஐந்து கட்டையில் (கீபோர்டின் நடுவிலுள்ள ஸி-க்குக் கீழே வரும் ஜி சுருதியில்) பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சௌகரியமான அந்த ஸா (அடிப்படைச் சுரம்), ஐந்து வயதுக் குரலுக்கு ரொம்பக் கீழே. எட்டாதபோது பேச்சுக் குரலை அழுத்திக் கத்துவார்கள்.

நாளைக்கே சோதிக்கலாம். கீபோர்டில் நடு ஸி-க்கு வலப்பக்கம் அடுத்த வெள்ளைக் கட்டையில் தொடங்கி, ஐந்து சுரத்துக்குள் அடங்கும் பாட்டாக எடுங்கள். அதற்கு முன் குயில் மாதிரி 'கூ... கூ' என்று கூவச் சொல்லுங்கள். கூவல் மென்மையாக வந்தால் குரலில் கோளாறில்லை, சுருதிதான் காரணம். அப்புறம், ஹார்மோனியத்தை மூடிவையுங்கள். அதோடு போட்டிபோட்டே பாதிக் கத்தல்!

ஒரே பிள்ளைக்கு வாரக்கணக்கில் குரல் கரகரத்தால் அது வேறு விஷயம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.