பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் 1, 6, 11ஆம் சேனல்களில் இருக்கின்றன. காலியாகத் தெரியும் 3ஆம் சேனலுக்கு நான் மாறலாமா?

மாறாதீர்கள். 3ஆம் சேனல் காலியாகத் தெரிகிறதே தவிர, காலியாக இல்லை.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்களின், அதாவது ரூட்டர் பேசும் அலைப்பாதைகளின், மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ரூட்டரும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடம் பிடிக்கிறது. 3இன் மையம் 2422 மெகாஹெர்ட்ஸ்; அது 2412 முதல் 2432 வரை பரவும். 1ஆம் சேனல் 2422இல்தான் முடிகிறது, 6ஆம் சேனல் 2427இலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் இடிபடுவீர்கள்.

நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இருக்க வேண்டும். நானும் அப்படித்தான். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஊரடங்குக் காலத்தில் மாலை வகுப்பு தொடங்கினாலே படம் உறைந்துவிடும். பிள்ளைகள் "மிஸ், கேட்கவில்லை" என்பார்கள். இணைய நிறுவனத்திலிருந்து வந்தவர் ரூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார். மடிக்கணினியை கேபிளில் இணைத்தால் தடையே இல்லை, ஆகவே கோளாறு வைஃபையில்தான் என்று நான் விளக்கியபோது, "சார் வீட்டில் இருக்கிறாரா?" என்று கேட்டார். அலைகளின் குறுக்கீட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவளிடம் கேட்ட கேள்வி அது. இன்றும் ஆறவில்லை.

அவர் போனபின் கைப்பேசியில் வைஃபை அலசும் செயலியை நிறுவிப் பார்த்தேன். எதிர்வீட்டு ரூட்டர் 8இல், அதுவும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரவி, கிட்டத்தட்டப் பாதிப் பட்டையை எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்காவிடம் திரையைக் காட்டினேன். அவர்கள் வீட்டிலும் அதே திணறல்! அன்றே அவருடையதை 11க்கும் என்னுடையதை 1க்கும் மாற்றி, இரண்டையும் 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தோம். அதன்பின் வகுப்பு நின்றதில்லை. பணம் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

உங்களுக்குப்போல 1, 6, 11 மூன்றிலும் ஆள் இருந்தால், உங்கள் வீட்டில் சிக்னல் மெலிதாகக் கேட்கும் ரூட்டர்கள் இருக்கும் சேனலிலேயே நீங்களும் சேருங்கள். ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு, மிக மெலிதாகக் கேட்டாலும் காத்திருந்து முறைவைத்துப் பேசும். 3ஐப்போலப் பாதி மட்டும் மேலே விழும் சேனலில் இருப்பவரின் பேச்சு வெறும் இரைச்சலாகவே கேட்கிறது. அது ஏறத்தாழ நூறு மடங்கு வலுவாக இருந்தால்தான் கருவி ஒதுங்கும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த தெருவில் கட்டிய திருவிழா ஒலிபெருக்கிகள்போல இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கத்தும்.

"1, 5, 9, 13 என்று நான்காகப் பிரிக்கலாமே" என்று எழுதப்போகிறவர்களுக்கு: இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, தெரியும். கட்டடம் முழுவதும் ஒருவர் பொறுப்பில் இருந்தால் அது சரியான யோசனைதான். மற்றவர்கள் 6இலும் 11இலும் இருக்கும்போது நீங்கள் மட்டும் 9க்குப் போனால் இருவரோடும் மோதுவீர்கள். "வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகவேண்டியதுதானே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2.4இல் இருப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ். 5இல் 2018 முதல் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிக் கிடைக்கிறது. ரூட்டர் இருக்கும் அறையில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் அது சோர்ந்துவிடுகிறது.

அதற்குத்தான் ஒவ்வோர் அறைக்கும் கேபிள் வேண்டும். எங்கள் கட்டுமான நிறுவனத்தார் கூடத்தில் இத்தாலியப் பளிங்கு என்று விளம்பரம் செய்தார்கள். சுவருக்குள் ஒரு காலிக் குழாய் பதிக்க மனம் வரவில்லை. இப்போது துளையிட வேண்டுமென்றால் சங்கத்தில் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். குளியலறைக் கசிவுக்குக் கொடுத்த கடிதமே இன்னும் அவர்கள் மேசையில் இருக்கிறது.

ரூட்டர் அமைப்பில் 2.4க்கான அகலம் 40 அல்லது ஆட்டோ என்று இருந்தால், சேனலைத் தொடுவதற்கு முன் அதை 20 ஆக்குங்கள்.