பெர்ஃபியூஷன் கேட்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

கவுன்சலிங்கில் பி.எஸ்சி. நர்சிங் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருந்தும், மகள் கார்டியோ பல்மனரி பெர்ஃபியூஷன் கேர் டெக்னாலஜிதான் வேண்டும் என்று நிற்பதாக எழுதியிருந்தீர்கள். “மெஷின் ஓட்டுற வேலைக்கா நாலு வருஷம்?” என்று உறவினர் கேட்டது உங்களை உறுத்தியிருக்கிறது. மெஷின் ஓட்டும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஓடுகிற நேரத்தில் நோயாளியின் இதயத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள்; இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அந்த மெஷின்தான் செய்யும். 1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்திய ஹார்ட்-லங் மெஷினின் வழிவந்தது அது. இன்றைக்கு அதன் முன்னால் உட்காருகிறவர் பெர்ஃபியூஷனிஸ்ட்.

சம்பளக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் ஓர் அவசர கேஸைப் பாருங்கள். பெருந்தமனி கிழிந்த நோயாளி நள்ளிரவில் வருகிறார். ஆன்-காலில் (அழைத்தால் உடனே வர வேண்டிய முறையில்) இருக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட்டுக்குப் போன் போகிறது. வந்ததும் உயரம், எடையிலிருந்து உடற்பரப்பைக் கணக்கிட வேண்டும். பெரியவர்களுக்குச் சதுர மீட்டருக்கு நிமிடம் சுமார் 2.4 லிட்டர் ரத்தம் என்று வைத்து, அதற்கேற்ற ஆக்ஸிஜனேட்டரையும் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் கருவி) கேனுலாவையும் (ரத்தக் குழாயில் செருகும் குழாய்) எடுக்க வேண்டும். பல இடங்களில் ஒரு செட்டைத் திரவம் ஊற்றாமல் மாட்டித் தயாராக வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது பிரைமிங், அதாவது மெஷினின் குழாய்களைத் திரவத்தால் நிரப்புவது. குழாய்களுக்குள் முதலில் கார்பன் டை ஆக்சைடை ஓட விட்டுக் காற்றை வெளியே தள்ளுவார்கள். அந்த வாயு திரவத்தில் சீக்கிரம் கரைந்துவிடும், காற்று அப்படிக் கரையாது. பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்து கலந்த ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புத் திரவத்தை ஒன்று, ஒன்றரை லிட்டர் அளவில் ஊற்றிச் சுற்றவிட்டு, தட்டித் தட்டிக் குமிழ்களை விரட்டுவார்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. தமனிக் குழாய் வழியே காற்று மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம்.

ரத்தத்தைத் தள்ளும் ரோலர் பம்பின் இறுக்கம், ஆக்ஸிஜன் இணைப்பு, குமிழ் அலாரம், திரவ மட்ட அலாரம், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். கரன்ட் போனால் கையால் சுற்றும் கைப்பிடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கேஸில் உடலை நன்றாகக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டி வரலாம் என்பதால் ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் உதவும் ஹீட்டர்-கூலரில் கூடுதல் கவனம் தேவை. நோயாளிக்கு ஹெபாரின் போட்டபின் ரத்தம் உறையும் நேரம் வழக்கமாக 480 விநாடியைத் தாண்டிய பிறகே பம்பை ஓட்டுவார்கள். சர்ஜன் அவசரப்படுத்துவார். “இன்னும் ஒரு நிமிஷம் சார், ரெடி ஆகல” என்று குரல் நடுங்காமல் சொல்ல உங்கள் மகளால் முடியுமா? என்னைப் பொறுத்தவரை, பிளஸ் டூ மதிப்பெண்ணைவிட இந்தப் படிப்புக்குத் தேவையான தகுதி இதுதான்.

இதயத்தை நிறுத்தாமலேயே பைபாஸ் செய்வது இந்தியாவில் பரவலாக நடக்கிறதே, வேலை குறையாதா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்போதும் நடுவில் நிலைமை மோசமானால் உடனே மாற மெஷினும் ஆளும் தயாராக இருக்க வேண்டும். வால்வு, பிறவி இதயக் கோளாறு அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலும் பம்ப் இல்லாமல் முடியாது. 2020-ல் எஸ்.பி.பி. சிகிச்சையில் இருந்தபோது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட எக்மோவிலும் (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் உயிர்காப்புக் கருவி) இவர்களுக்கு வேலை உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஊர்களில்தான் வேலை. சொந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்றால் நர்சிங்தான் நல்லது. இரவு அழைப்பைத் தவிர்க்க முடியாது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. அனுபவம் கூடினால்தான் உயரும்.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் கொண்டது. சேர்க்கை விதிகளை இந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மாதம் எத்தனை ஓப்பன் ஹார்ட் நடக்கிறது, குழந்தைகள் கேஸ் வருகிறதா, இன்டர்ன்ஷிப்பில் மாணவர்களைப் பம்பில் உட்கார விடுகிறார்களா, ஓரமாக நிற்க வைக்கிறார்களா என்று அங்கே இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். பதில் திருப்தியாக இருக்கும் கல்லூரிகளை மட்டும் விருப்பப் பட்டியலில் மேலே வைத்து, அதற்குக் கீழே நர்சிங்கைப் போடச் சொல்லுங்கள்.